மூளைக்குக் கதிர்வீச்சு: யாருக்கு நினைவு குறையும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

புஞ்சாக் ஆலாமில் அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி பெரியம்மா மூன்றாவது முறையாகக் கேட்டார்: "சோறு வடிச்சாச்சா?" வடித்தவரே அவர்தான்.

மார்பகப் புற்றுநோய் மூளைக்குப் பரவியதால் அவருக்குப் பத்து நாள் கதிர்வீச்சு சிகிச்சை கொடுத்திருந்தார்கள். அது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அடுத்த அப்பாய்ண்ட்மெண்டில் டாக்டர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: "சிகிச்சைக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?" அக்கா என்னைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். சிகிச்சைக்கு முன்பு ஒரு நினைவாற்றல் சோதனை நடந்ததுதான். அதில் மொழிபெயர்ப்பாளராகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான். அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாது என்பது வேறு யாரையும் விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கோலா சிலாங்கூர் பக்கம் தோட்டப்புறத்தில் பிறந்து, இப்போது தாமான் வீட்டில் பிள்ளைகளோடு இருக்கும் தாத்தா பாட்டிகள் நம்மில் பலருக்கு உண்டு. அவர்களில் யாருக்காவது நாளை மூளையில் கட்டி என்று தெரிந்தால், மருத்துவமனையில் டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் உட்காரப்போவது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். கதிர்வீச்சுக்குப் பிறகு நினைவு குறையுமா, யாருக்குக் குறையும், அதை எப்படிக் கணிக்கிறார்கள் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது அப்போது உதவும்.

'கரண்ட்' வைப்பது என்றால் என்ன?

வீட்டில் பெரியவர்கள் இதை "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். மின்சாரம் எதுவும் உடம்புக்குள் போவதில்லை. அதிக ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிரைக் கட்டியின் மேல் செலுத்தி, அதன் செல்கள் பெருகுவதைத் தடுப்பதே சிகிச்சை. தலை அசையாமலிருக்க முகத்துக்கு அளவெடுத்த வலை போன்ற ஒரு முகமூடி போட்டு, மேசையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். வலி இருக்காது. ஆனால் பெரியம்மா பயந்தது அந்த முகமூடிக்குத்தான்.

கதிரின் அளவைக் 'கிரே' என்ற அலகில் சொல்கிறார்கள். மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்குப் பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருப்பது முழு மூளைக் கதிர்வீச்சு: மொத்தம் 30 கிரே, பத்துத் தவணை, திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டு வாரம். ஸ்கேனில் தெரியும் கட்டிகளோடு, கண்ணுக்குத் தெரியாத சிறு புள்ளிகளையும் சேர்த்து அழிப்பதுதான் நோக்கம். இன்னொரு வழி குவிக்கதிர் சிகிச்சை. ஸ்டீரியோடாக்டிக் ரேடியோசர்ஜரி என்பார்கள், பெயரில் சர்ஜரி இருந்தாலும் கத்தி கிடையாது. ஒன்றோ சிலவோ கட்டிகள் மட்டும் இருந்தால், அவற்றின் மேல் மட்டும் கதிரைக் குவித்து அடிப்பார்கள். சுற்றியுள்ள மூளைக்குப் போகும் அளவு மிகக் குறைவு.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நினைவாற்றலில் தெரிவதற்குக் காரணம் ஹிப்போகாம்பஸ் என்ற சிறு பகுதி. கிரேக்க மொழியில் கடல்குதிரை என்று பொருள், வடிவமும் ஏறக்குறைய அப்படித்தான். காதுக்கு நேர் உள்ளே, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இன்று நடந்ததை நாளைக்கு நினைவாக மாற்றித் தருவது அதன் வேலை. பழைய நினைவுகள் பெரும்பாலும் வேறிடங்களில் பதிந்துகிடக்கின்றன. அதனால்தான், விடியற்காலை பெரட்டுக்குப் போனது, எந்தக் கிராணி எப்படித் திட்டினார் என்பதையெல்லாம் பெரியம்மா தேதி தவறாமல் சொல்லுவார். சோறு வடித்தது மட்டும் நிற்காது.

ஹிப்போகாம்பஸில் புதிய நரம்புச் செல்கள் உருவாகும் ஓர் இடம் உண்டு. மிஷேல் மோஞ்சே என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் எலிகளின் மூளைக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் முக்கியமானது. கதிர்வீச்சுக்குப் பிறகு அந்த இடத்தில் புதிய நரம்புச் செல்கள் உருவாவது ஏறக்குறைய நின்றுபோனது. மிஞ்சிய மூலச்செல்களும், சுற்றிலும் ஏற்பட்ட அழற்சியால், நரம்புச் செல்லாக மாற முடியாமல் தடுமாறின. ஹிப்போகாம்பஸோடு விஷயம் முடிந்துவிடவில்லை. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களும், நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் உறையும் மெல்ல மெல்லப் பாதிக்கப்படுகின்றன. மறதியோடு, யோசிக்கும் வேகம் குறைவது, ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடியாமல் போவது எல்லாம் அதன் விளைவு.

இது எப்போது தெரியவரும் என்பதும் முக்கியம். முதல் சில வாரங்களில் வருவது களைப்பும் தலைவலியும். ஒன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தூக்கக் கலக்கமும் மறதியும் வரலாம், இதில் ஒரு பகுதி தானாகவே சரியாகிவிடும். ஆறு மாதத்துக்கு மேல், சில சமயம் ஆண்டுகள் கழித்து வரும் சரிவுதான் பெரும்பாலும் திரும்பாதது. ஆக, மூன்றாவது மாதத்தில் ஒருவர் மறக்கிறார் என்பதை வைத்து அடுத்த ஆண்டு எப்படி இருப்பார் என்று சொல்லிவிட முடியாது.

ஆய்வுகள் காட்டிய எண்கள்

2009-இல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை வெளியிட்ட ஆய்வில் 58 நோயாளிகள் மட்டுமே இருந்தார்கள். ஒன்று முதல் மூன்று கட்டிகள் உள்ளவர்கள். ஒரு குழுவுக்குக் குவிக்கதிர் மட்டும், மறு குழுவுக்கு அதோடு முழு மூளைக் கதிர்வீச்சும். நான்கு மாதம் கழித்துச் சொற்பட்டியல் சோதனையில் கணிசமாகச் சரியும் வாய்ப்பு முதல் குழுவில் 24 விழுக்காடு, இரண்டாவது குழுவில் 52 விழுக்காடு. வேறுபாடு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். ஆனால் இதன் மறுபக்கத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஓராண்டில் மூளையில் புற்றுநோய் மறுபடி தலைகாட்டாமல் இருந்தவர்கள் முழு மூளைக் குழுவில் 73 விழுக்காடு, குவிக்கதிர் மட்டும் பெற்ற குழுவில் 27 விழுக்காடு.

2016-இல் வந்த பெரிய ஆய்வில் 213 பேர். மூன்று மாதத்தில் ஏதாவது ஒரு சோதனையிலாவது சரிந்தவர்கள், குவிக்கதிர் மட்டும் பெற்றவர்களில் 63.5 விழுக்காடு, முழு மூளைக் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்றவர்களில் 91.7 விழுக்காடு. எத்தனை நாள் உயிரோடு இருந்தார்கள் என்பதில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குறைந்த எண்ணிக்கையில் கட்டி உள்ளவர்களுக்குக் குவிக்கதிரையே முதலில் யோசிக்கும் வழக்கம் இன்று பரவியிருப்பதற்கு இப்படிப்பட்ட ஆய்வுகளே காரணம்.

அந்த 63.5-ஐக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முழு மூளைக்குக் கதிர் படாதவர்களிலும் பாதிக்கு மேல் சரிந்திருக்கிறார்கள். அப்படியென்றால் எல்லாப் பழியையும் கதிர்மேல் போட முடியாது. கட்டி, அதைச் சுற்றிய வீக்கம், கீமோதெரபி, வலிப்பு மருந்து, வீக்கம் குறைக்கத் தரும் டெக்சாமெத்தசோன், தூக்கமின்மை, மனச்சோர்வு என்று வேறு பல காரணங்களும் இருக்கின்றன. 2004-இல் 401 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வில், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே 90 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு சோதனையிலாவது குறை தெரிந்தது. இன்னோர் ஆய்வில், முழு மூளைக் கதிர்வீச்சுக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியவர்களுக்கே நினைவாற்றல் அதிக நாள் தாக்குப்பிடித்தது. கதிர் கெடுக்கவும் செய்கிறது, காக்கவும் செய்கிறது. கணிப்பது கடினம் என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

வயதில் இரு முனையில் இருப்பவர்களுக்கு. முதியவர்களின் மூளைக்கு ஈடுகொடுக்கும் சக்தி குறைவு. குழந்தைகளின் மூளையோ இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மூளைக்கட்டிக்காகக் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், சிகிச்சையின்போது வயது குறைவாக இருக்க இருக்க ஐ.கியூ. இழப்பு அதிகமாக இருந்தது. குழந்தை கற்றதை மறந்துவிடுகிறது என்று இதற்குப் பொருளில்லை. புதிதாகக் கற்கும் வேகம் குறைவதால், அதே வயதுப் பிள்ளைகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகிறது. பள்ளிக்கூடத்தில் இதைச் 'சோம்பேறித்தனம்' என்று எழுதிவிடுவதும் நடக்கிறது.

தவணையின் அளவும் கணக்கில் வரும். மெதுவாக வளரும் மூளைக்கட்டி உள்ளவர்களை நெதர்லாந்தில் பார்த்தபோது, ஒரு தவணைக்கு 2 கிரேக்கு மேல் பெற்றவர்களுக்கே பாதிப்பு அதிகம் என்று 2002-இல் சொன்னார்கள். அதே குழுவினரைச் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பார்த்து 2009-இல் எழுதும்போது, 2 கிரேக்குள் பெற்றவர்களுக்கும் கவனத்திறன் குறைந்திருந்தது என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆய்வு எத்தனை ஆண்டு நீள்கிறது என்பதைப் பொறுத்துக்கூட விடை மாறுகிறது.

பிறகு, கதிர் எந்த இடத்தில் எவ்வளவு விழுந்தது என்ற கணக்கு. இதில் நமக்குப் பக்கத்திலிருந்தே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் டாக்டர் ரகேஷ் ஜலாலியும் குழுவினரும் இளம் நோயாளிகளின் ஐ.கியூ.வைச் சிகிச்சைக்கு முன்பும் பின்பும் அளந்துவந்தார்கள். இடப்பக்கப் பொட்டு மடலில் 13 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பகுதிக்கு 43.2 கிரேக்கு மேல் போயிருந்தால் ஐ.கியூ. குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது என்று 2010-இல் வெளியிட்டார்கள். பார்க்கச் சிறிய கணக்கு. ஆனால் கணினியில் சிகிச்சைத் திட்டம் போடும் கட்டத்திலேயே, முதல் தவணைக்கு முன்பே, இது தெரிந்துவிடும் எண். திட்டத்தை மாற்றிப் போட அப்போது இன்னும் நேரம் இருக்கிறது.

அதே குழு 3 முதல் 25 வயது வரையுள்ள 200 பேரை இரண்டாகப் பிரித்து, வழக்கமான கதிர்வீச்சையும் துல்லியமாகக் கட்டியை ஒட்டிச் செல்லும் கதிர்வீச்சையும் ஒப்பிட்டது. 2017-இல் வெளியான முடிவு: ஐந்தாண்டுக் காலத்தில் துல்லிய முறை பெற்றவர்களின் ஐ.கியூ. மேலாக இருந்தது. ஜலாலி பிறகு சென்னைக்கு, அப்போலோ புரோட்டான் புற்றுநோய் மையத்துக்கு வந்துவிட்டார். 2019-இல் தரமணியில் திறந்த அந்த மையம், புரோட்டான் கற்றையைப் பயன்படுத்துகிறது. எக்ஸ்ரே கட்டியைத் தாண்டி மறுபக்கம் வரை போகும், புரோட்டான் கட்டியோடு நின்றுவிடும். குழந்தைகளின் மூளைக்கு இது பெரிய விஷயம். நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரின் தேசியப் புற்றுநோய் மையத்திலும் இப்போது இந்த வசதி இருக்கிறது. செலவைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை, அது தனிக் கட்டுரை.

பெரியவர்களுக்கு இதே போன்ற கணக்கை ஹிப்போகாம்பஸுக்குப் போட்டவர் அமெரிக்காவின் வினய் கோண்டி. இரண்டு ஹிப்போகாம்பஸையும் சேர்த்து 40 விழுக்காடு பகுதிக்கு, 2 கிரே தவணைக் கணக்கில், 7.3 கிரேக்கு மேல் போனால் பதினெட்டு மாதம் கழித்துச் சொற்பட்டியலை நினைவுகூர்வது குறைகிறது என்று 2013-இல் காட்டினார். ஆனால் அந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்தது இருபதுக்கும் குறைவான நோயாளிகள். செய்திகளில் 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று வரும்போது இந்த மாதிரி எண்ணிக்கையைத் தேடிப் பார்ப்பது நல்லது.

நம் வீடுகளுக்கு நெருக்கமான இன்னொரு காரணம் இருக்கிறது. கதிர்வீச்சுக்குப் பிறகு மூளையின் வெண்பகுதியில் வரும் மாற்றத்துக்கும், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதைச் சில ஆய்வுகள் கோடிகாட்டியிருக்கின்றன. மலேசிய சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில் பெரியவர்களிடையே நீரிழிவு மிக அதிகமாக இருந்தது இந்தியர்களிடம்தான், சுமார் 31 விழுக்காடு. போதாததற்கு டெக்சாமெத்தசோன் சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும். "கேன்சரே வந்திருச்சு, இனி சர்க்கரையைப் பாத்து என்ன" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்த வேண்டாம்.

இவ்வளவையும் ஒரு கணினியில் போட்டால், "உங்கள் பெரியம்மாவுக்கு இத்தனை விழுக்காடு" என்று விடை வருமா? மருத்துவமனையில் அன்றாடம் நம்பிப் பயன்படுத்தும் அப்படி ஒரு கருவி இல்லை. எம்.ஆர்.ஐ. படங்களை வைத்துச் செயற்கை நுண்ணறிவு மூலம் கணிக்கும் முயற்சிகள் நடக்கின்றன. கையில் இருப்பது குழுவுக்கான ஆபத்துக் கணக்கு. அதைத் தனி மனிதருக்குப் பொருத்த வேண்டுமென்றால் ஒன்று தேவை: அவர் எங்கிருந்து தொடங்கினார் என்ற அளவு.

அந்தச் சோதனை எதை அளந்தது?

இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட ஹாப்கின்ஸ் சொற்பட்டியல் சோதனையில் பன்னிரண்டு சொற்களைப் படித்துக் காட்டி, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இப்படி மூன்று முறை, ஆக மொத்தம் 36 மதிப்பெண். 20, 25 நிமிடம் கழித்து மறுபடி கேட்பார்கள். மேலே சொன்ன 58 பேர் ஆய்வில் 'சரிவு' என்பதற்கு இலக்கணம், முன்பு எடுத்ததைவிட 5 மதிப்பெண் குறைவது. முன்பு 25 எடுத்தவர் 19-க்கு இறங்கினால் பளிச்சென்று தெரியும். பதற்றத்திலும் மொழி புரியாமலும் முதல் நாளே 7 எடுத்தவர்? அவர் இறங்க இடமே இல்லை. நோய் எவ்வளவு தின்றாலும் தாளில் பெரிதாகத் தெரியாது.

மருத்துவமனைகளில் பரவலாக இருப்பது இதைவிடச் சுருக்கமான சோதனைகள். 1975-இல் வந்த மினி மென்டல் சோதனையில் "இப்போது என்ன பருவம்?" என்று ஒரு கேள்வி வரும். வசந்தம், கோடை, இலையுதிர், பனி என்று நான்கு பருவம் உள்ள நாட்டுக்கு எழுதியது. நம் பக்கம் மழை, அதிக மழை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் 'வேர்ல்டு' என்ற சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். மலாய் வடிவம் ஒன்றில் அதற்குப் பதில் 'டுனியா'. எழுத்தே கூட்டிப் படிக்காதவர் அதைத் தலைகீழாக எப்படிக் கூட்டுவார்?

2005-இல் கனடாவின் மொன்ட்ரியலில் உருவான மோக்கா சோதனை இன்னும் நுட்பமானது. மொத்தம் 30, 26-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். கனசதுரத்தைப் பார்த்து வரைய வேண்டும். முள் வைத்துக் கடிகாரம் வரைய வேண்டும். ஆங்கில மூலத்தில் நினைவில் வைக்கத் தரும் ஐந்து சொற்களில் ஒன்று வெல்வெட், இன்னொன்று டெய்சிப் பூ. குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒன்றே ஒன்று.

பெரியம்மா தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு இரண்டு ஆண்டு போனார். பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார், பிறகு பால்மரம், அதற்குப் பிறகு செம்பனை. கையெழுத்துப் போடுவார். தீபாவளிச் சீட்டுக்கு யார் எவ்வளவு கட்டினார்கள், யார் இன்னும் தரவில்லை என்று முப்பது பேர் கணக்கை மனசிலேயே வைத்திருந்தவர். அந்தத் தாளில் அதற்குக் கேள்வி இல்லை. பென்சிலை அவர் பிடித்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. தெரப்பிஸ்ட் மலாயில் கேட்டதை நான் தமிழில் சொன்னேன், கூடவே கொஞ்சம் எடுத்தும் கொடுத்தேன். "மூனாவது... பூ பேரு பெரியம்மா..." எந்த ஊரில் இருக்கிறோம் என்ற கேள்விக்கு அவர் பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னபோது, நானாகவே திருத்தி மலாயில் சொன்னேன். பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்று சொல்லும் தலைமுறை அது. நான் மூடி மறைத்தது பழைய பழக்கமா, உண்மையான குழப்பமா? இப்போது எனக்கே தெரியாது.

ஆக, அன்று அவர் எடுத்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி படிக்காமல் போன பள்ளிக்கூடம், ஒரு பகுதி அவருக்குச் சந்தை அளவில் மட்டுமே வரும் மலாய், ஒரு பகுதி நான். மிச்சம் எவ்வளவோ அதுதான் பெரியம்மா. மூன்று மாதம் கழித்து வேறொருவர் சோதித்தபோது அக்கா துணைக்குப் போனார், அக்கா நேர்மையாக வாயை மூடிக்கொண்டிருந்தார். மதிப்பெண் குறைந்தது. கதிர்வீச்சாலா? நான் அங்கே இல்லாததாலா?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மோக்காவுக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. இலங்கையில் தமிழ் பேசும் முதியவர்களிடம் வைத்துச் சரிபார்த்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகவே 'மோக்கா பேசிக்' என்ற வடிவத்தைத் தாய்லாந்தில் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். அதில் கனசதுரமும் கிடையாது, எழுத்தும் கிடையாது. ஆனால் நீங்கள் கேட்டால்தான் யாராவது தேடி எடுப்பார்கள்.

ஆபத்தைக் குறைக்க என்ன இருக்கிறது?

முழு மூளைக் கதிர்வீச்சு தவிர்க்க முடியாதது என்றால், ஹிப்போகாம்பஸை ஒதுக்கிவிட்டு மற்ற இடத்துக்குக் கொடுக்கும் முறை இருக்கிறது. கோண்டி தலைமையில் 2014-இல் வந்த ஆய்வில், இப்படிச் சிகிச்சை பெற்றவர்களின் சொல் நினைவு நான்கு மாதத்தில் 7 விழுக்காடுதான் குறைந்தது. பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களிடம் அது 30 விழுக்காடாக இருந்தது. ஹிப்போகாம்பஸை ஒட்டியே கட்டி இருந்தால் இது முடியாது. ஆனால் 371 நோயாளிகளின் ஸ்கேன்களைப் பார்த்ததில், ஹிப்போகாம்பஸிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் கட்டி இருந்தவர்கள் 8.6 விழுக்காட்டினர்தான்.

மெமான்டின் என்ற மாத்திரையும் உண்டு, அல்சைமர் நோய்க்குத் தருவது. தனியாகக் கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வில் பலன் இருந்தது, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. 2020-இல் வந்த 518 பேர் ஆய்வில் எல்லாருக்கும் மெமான்டின் கொடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் ஹிப்போகாம்பஸை ஒதுக்கினார்கள். ஒதுக்கிய குழுவில் நினைவாற்றல் சரியும் ஆபத்து 26 விழுக்காடு குறைவு, உயிர்வாழும் காலத்தில் வேறுபாடு இல்லை. எல்லா மருத்துவமனையிலும் எல்லாருக்கும் இது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. திட்டமிட அதிக நேரமும் அதற்கேற்ற இயந்திரமும் வேண்டும். அவசரமாகக் கதிர் கொடுக்க வேண்டிய நிலையில் அந்த நேரமே இருக்காது.

சிலருக்கு மூளைக் கதிர்வீச்சே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு. பிரிட்டன் முன்னின்று நடத்திய 538 நுரையீரல் புற்றுநோயாளிகள் ஆய்வில், முழு மூளைக் கதிர்வீச்சு பெற்றவர்களும் ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களும் வாழ்ந்த காலம் ஏறக்குறைய ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு வீட்டில் நீங்களே முடிவெடுக்காதீர்கள். வயது, புற்றுநோயின் வகை, உடல்நிலை எல்லாம் சேர்ந்து டாக்டரோடு பேச வேண்டிய விஷயம்.

நீங்கள் மொழிபெயர்க்கப் போகிறீர்கள் என்றால்

முதல் தவணைக்கு முன்பே கேளுங்கள்: நினைவாற்றல் சோதனை எடுப்பீர்களா, எந்த மொழியில், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு எந்த வடிவம்? புஞ்சாக் ஆலாமிலேயே அல்-சுல்தான் அப்துல்லா என்ற யூ.ஐ.டி.எம். போதனா மருத்துவமனை இருக்கிறது, புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் இருக்கிறது. எங்கே போனாலும் இந்தக் கேள்வி ஒன்றுதான். கட்டிகள் எத்தனை, குவிக்கதிர் போதுமா, ஹிப்போகாம்பஸை ஒதுக்க முடியுமா என்றும் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

சோதனையின்போது கேள்வியை அப்படியே சொல்லுங்கள். விளக்கம் சேர்க்காதீர்கள், எடுத்துக் கொடுக்காதீர்கள். பாட்டி தவறாகச் சொன்னால் தவறாகவே சொல்லுங்கள். ஊர்ப் பெயர் போன்ற விஷயத்தில், "இது பழைய பெயர், அவர்கள் எப்போதும் இப்படித்தான் சொல்வார்கள்" என்று தனியாகச் சோதிப்பவரிடம் சொல்லலாம். படித்தது எத்தனை ஆண்டு, எந்த மொழியில் என்பதையும் சோதனைத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு பதிவு வீட்டில் நடக்க வேண்டும், சிகிச்சைக்கு முன்பே. அவர் தினமும் தன்னால் செய்துகொள்ளும் ஐந்தாறு வேலைகளை எழுதி வையுங்கள். மாத்திரையைத் தானே எடுக்கிறாரா, பாசார் மாலாமில் பாக்கிக் காசை எண்ணி வாங்குகிறாரா, பேரப்பிள்ளைகளின் பெயரை மாற்றாமல் கூப்பிடுகிறாரா, குழம்புக்கு உப்பு சரியாக இருக்கிறதா, நேற்று யார் வந்தார்கள் என்று சொல்கிறாரா. மாதம் ஒரு முறை அதே கேள்விகளைப் பார்த்துத் தேதி போட்டுக் குறியுங்கள். போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்து வைத்தாலும் சரி. ஆய்வுக்கூடச் சோதனைக்கு இது ஈடு ஆகாது, ஆனால் "முன்னாடி எப்படி இருந்தாங்க?" என்று டாக்டர் கேட்கும்போது காட்ட ஏதாவது இருக்கும்.

மறதி வந்தால், "கரண்ட் வெச்சதால இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை, உப்புச்சத்து, தைராய்டு, இரத்தசோகை, தொற்று, மனச்சோர்வு, தூக்க மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணமாக இருக்கலாம், கட்டி மறுபடி வளர்வதாகவும் இருக்கலாம். திடீரென்று குழப்பம், வாந்தி, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் என்றால் அப்பாய்ண்ட்மெண்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பெரியம்மாவுக்கு அடுத்த சோதனை வரும் மாதம். தமிழ் வடிவத்தில், தமிழ் தெரிந்த ஒருவர் எடுப்பதாக ஏற்பாடு. அக்கா சுவரில் ஒரு நாள்காட்டி மாட்டி, பக்கத்தில் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். சோறு வடித்ததும் பெரியம்மா அந்தத் தேதியில் ஒரு கோடு போடுவார். சென்ற வாரம் நான் போனபோது வெள்ளிக்கிழமையில் இரண்டு கோடு இருந்தது. சீட்டுக் கணக்கைப் பற்றிக் கேட்டேன். இன்னும் இரண்டு பேர் பாக்கியாம், பெயரைச் சொன்னார். அக்கா நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். சரிதான்.